இலைதானே என்று கொளுத்துகிறோம்

மாசி பிறந்தால் எங்கள் தெரு மஞ்சளாகிவிடும். வேம்பும் புங்கமும் இலை உதிர்க்கிற காலம். விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் வாசல் பெருக்குகிற விளக்குமாற்றுச் சத்தம் வீடு வீடாகக் கேட்க ஆரம்பிக்கும். ஆறு மணிக்குள் தெருவில் ஏழெட்டு இடங்களில் சிறு சிறு குவியல். ஆறேகால் மணிக்கு அத்தனை குவியலிலும் புகை. மொட்டை மாடியில் நின்று மலைக்கோயில் பக்கம் திரும்பிக் கும்பிடலாம் என்று போனால், கோபுரத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறத் திரை தொங்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். காய்ந்த இலையைக் கொளுத்துவது சுத்தம் செய்வது ஆகாது. குப்பையை நம் வாசலிலிருந்து எடுத்து எதிர்வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள் போடுகிற வேலை அது. அதைச் செய்பவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தான். ஓய்வு பெற்று, சீக்கிரம் விழித்து, அந்த நேரத்தில் வேறு வேலை இல்லாத பெரியவர்கள். நானும் முப்பது ஆண்டுகள் அதைச் செய்தவன். அதனால் இந்தக் கட்டுரையில் திட்டு வாங்குகிறவர்கள் வரிசையில் முதல் ஆள் நானேதான்.

நான் வேதியியல் வாத்தியார். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை எழுதிப் போடுவேன். ஆறு கார்பன் டை ஆக்சைடு, ஆறு தண்ணீர், அதோடு சூரிய ஒளி சேர்ந்தால் ஒரு குளுக்கோஸ், ஆறு ஆக்சிஜன். "இலைதான் உலகத்தின் சமையலறை" என்று சொல்லி, பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லவும் வைப்பேன். அன்று காலையில்தான் அதே இலையை வாசலில் குவித்து, பழைய தினசரித் தாள் ஒன்றைச் சுருட்டி வைத்து, தீக்குச்சி கிழித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சம்பந்தம் இருப்பது எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு மாசி மாதக் காலையில். என் வீட்டுக்காரிக்குச் சில வருடமாகவே இளைப்பு உண்டு. அன்றைக்கு மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போய்விட்டது. ஆட்டோ வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மூக்கில் மருந்துப் புகை பிடிக்க வைத்து, சற்றுத் தெளிந்த பிறகு டாக்டர் கேட்டார்: "ஏம்மா, வீட்ல யாராவது புகை பிடிக்கறாங்களா?"

"இல்லீங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேறொன்றும் சொல்லவில்லை. வாழ்நாளில் ஒரு பீடி தொட்டதில்லை நான். ஆனால் அவள் படுக்கிற அறையின் ஜன்னலுக்கு நேர் கீழேதான் முப்பது வருடமாக என் இலைக் குவியல் எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பார்வைக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இலை என்ன என்று பார்ப்போம். மரம் மண்ணைத் தின்றுதான் வளருகிறது என்று நம்மில் பலர் இன்றும் நினைக்கிறோம். வான் ஹெல்மான்ட் என்று ஒரு பெல்ஜியத்துக்காரர் சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன் அதைச் சோதித்துப் பார்த்தார். நம் காலத்து ராத்தல் கணக்கிலேயே சொல்கிறேன். 200 ராத்தல் காய்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 ராத்தல் எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கடைசியில் மரத்தின் எடை 169 ராத்தல். மண்ணில் குறைந்திருந்தது வெறும் 2 அவுன்ஸ். அவர் இறந்த பிறகு 1648-ல் இது அச்சில் வந்தது. எல்லா எடையும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அதில் பாதி தப்பு. 1779-ல் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு வைத்தியர், வெளிச்சத்தில் இருக்கும்போது பச்சை இலைதான் காற்றைச் சுத்தப்படுத்துகிறது என்று காட்டினார். காற்றிலிருக்கும் கரியமில வாயுவையும் வேர் கொண்டுவரும் தண்ணீரையும் வெயிலில் பிசைந்து மரம் தன் உடம்பைக் கட்டிக்கொள்கிறது என்பது பிறகு தெளிவாயிற்று.

ஆக, வாசலில் கிடக்கிற காய்ந்த இலை, காற்றும் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து கெட்டியானது. அந்த வெயில் எங்கும் போய்விடவில்லை. கரியும் ஹைட்ரஜனும் கைகோத்து நிற்கிற பிணைப்புகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு கிலோ காய்ந்த இலையில் ஏறக்குறைய 16,000 கிலோஜூல் ஆற்றல் உண்டு. நமக்குப் பழகிய மின்சாரக் கணக்கில் நாலு யூனிட்டுக்கு மேல். ஐந்து கிலோக் குவியல் என்றால் சுமார் 22 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று 2016-ல் அரசு அறிவித்ததே, அதைவிட அதிகமான ஆற்றல் இப்படி ஐந்து குவியலில் இருக்கிறது. இலை தன்மேல் விழுகிற வெயிலில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான் பிடித்து வைக்க முடியும். அப்படி ஒரு பருவம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்ததை நாம் கால் மணி நேரத்தில் தொலைக்கிறோம். அந்தச் சூட்டில் ஒரு டம்ளர் வெந்நீர்கூட வைத்துக்கொள்வதில்லை.

எங்கள் பாட்டி காலத்தில் வைத்தார்கள். கொல்லையில் வெந்நீர் அடுப்பு இருந்தது. சருகையும் தென்னை மட்டையையும் போட்டுத் தவலையில் தண்ணீர் காயும். ஒரு வாளித் தண்ணீரைக் குளிக்கிற பதத்துக்குக் கொண்டுவர 1,700 கிலோஜூல் போதும். அடுப்பு எவ்வளவு ஓட்டையானாலும், பத்தில் ஒன்பது பங்கு சூடு வீணானாலும், ஐந்து கிலோ சருகில் நாலைந்து பேர் குளித்திருக்கலாம். அடுப்புக்குப் போகாத சருகு, சாணத்தோடு எருக்குழிக்குப் போகும். தெருவில் குவித்து வெறுமனே எரித்ததாக எனக்கு நினைவில்லை. கொல்லைக்குச் சிமெண்டு போட்டு எருக்குழியை மூடிய பிறகு வந்த பழக்கம் இது. ஆகவே யாராவது "காலங்காலமா செய்யறதுதானே" என்றால் நம்பாதீர்கள்.

இனி, கொளுத்துவதற்கு நம்மவர்கள் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே நானும் ஒரு காலத்தில் சொன்னவைதான்.

முதலாவது, "ஆகுலே கதா!" எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் தெலுங்குக்காரர். நம் ஊரில் பாதிப் பேச்சு அந்தப் பக்கத்து மொழியில்தானே நடக்கிறது. ஒரு நாள் அவரிடம் போய்ப் புகையைப் பற்றிச் சொன்னேன். "ஏமண்டி மாஸ்டாரு, ஆகுலே கதா! ப்ளாஸ்டிக்கா கொளுத்தறேன்? இலைதானே?" என்று சிரித்தார்.

இலைதான். ஆனால் எரிவதில் இரண்டு வகை உண்டு. போதிய சூடும் போதிய காற்றும் கிடைத்தால் கரி முழுவதும் கரியமில வாயுவாகும், ஹைட்ரஜன் தண்ணீராகும், கதை முடிந்தது. வாசல் குவியலில் அது நடப்பதே இல்லை. விடியற்காலைப் பனியில் இலை ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தில் ஒரு கிலோத் தண்ணீர் ஆவியாவதற்கே 2,260 கிலோஜூல் சூட்டை அது பிடுங்கிக்கொள்ளும். குவியல் அமுங்கிக் கிடப்பதால் உள்ளே காற்றும் போகாது. அதனால் இலை எரியாமல் புகைகிறது. பாதி எரிந்த கரி, கார்பன் மோனாக்சைடாகவும் பென்சீனாகவும் பார்மால்டிஹைடாகவும் தாராகவும் வெளியே வருகிறது. கார்பன் மோனாக்சைடு நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். புகையிலுள்ள பென்சோபைரீன் என்ற பொருள் சிகரெட் புகையிலும் இருக்கிறது, புற்றுநோய் உண்டாக்குவது. சிகரெட்டும் காய்ந்த இலைதான் என்பதை எதிர்வீட்டுப் பெரியவருக்கு நினைவுபடுத்தினேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

கண்ணுக்குத் தெரிகிற புகையைவிடத் தெரியாத துகள்தான் பொல்லாதது. இரண்டரை மைக்ரானுக்கும் குறைந்த துகள், தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியும் சளியும் அதைத் தடுக்காது, நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போகும். ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமுக்கு மேல் அது போகக் கூடாது என்பது நம் நாட்டு அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அதை 15 என்று வைத்தது.

நேரத்தையும் கவனியுங்கள். மார்கழி முதல் மாசி வரை இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று, பானைக்கு மூடி போட்டதுபோல உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறித் தரை சூடாகும்வரை புகைக்கு மேலே போக வழியில்லை. நாம் கொளுத்துவதும் அந்த நேரத்தில்தான், பெரியவர்கள் நடைப்பயிற்சி போவதும், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். 2018 போகியன்று சென்னையில் புகை இப்படித்தான் தரையோடு தங்கி, விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானத்துக்காவது வேறு ஊர் இருந்தது. எங்கள் தெருக் குழந்தைகளுக்கு எது?

இரண்டாவது நியாயம், "சாம்பல் நல்ல உரம்." பாதி உண்மை. பாதி உண்மையோடு வாதாடுவதுதான் கஷ்டம். சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, கொஞ்சம் பாஸ்பரசும் இருக்கிறது. ஆனால் நைட்ரஜன் தீயில் தங்காது, பெரும்பாலும் வாயுவாகப் போய்விடும். கந்தகமும் அப்படித்தான். காய்ந்த இலையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கு நைட்ரஜன் உண்டு. நூறு கிலோ இலையைக் கொளுத்தினால் ஒரு கிலோ நைட்ரஜன், அதாவது இரண்டு கிலோ யூரியாவில் உள்ளது போய்விட்டது என்று அர்த்தம். யூரியா மூட்டைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதன் வலி தெரியும்.

மரத்தின் சிக்கனத்தையும் இங்கே சொல்ல வேண்டும். உதிர்ப்பதற்கு முன்னால் இலை ஏன் மஞ்சளாகிறது? பச்சையத்தை மரமே உடைத்து, இலையிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் பாதிக்குப் பாதி கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. வீட்டைக் காலி செய்யும் முன் பாத்திர பண்டமெல்லாம் மூட்டை கட்டுகிற குடும்பத் தலைவி மாதிரி. மீதியை வேரடியில் போட்டு, பிறகு வேர் வழியாக எடுத்துக்கொள்ளலாம் என்று விடுகிறது. அந்த மீதியைத்தான் நாம் கொளுத்துகிறோம். பிறகு "மரம் முன்ன மாதிரி காய்க்கலையே" என்று நர்சரிக்குப் போய் உரப்பொட்டலம் வாங்குகிறோம்.

மூன்றாவது, "புகை போட்டா கொசு வராது." புகை இருக்கும்வரை கொசு கொஞ்சம் விலகும், புகை போனதும் வரும். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கிற ஜாதி. அது வளருவது தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் மூடாத தொட்டியிலும் தேங்கிய நல்ல தண்ணீரில். சிரட்டையைக் கவிழ்த்து வைக்க ஒரு நிமிடம் ஆகாது. அதைச் செய்யாமல் தெருவையே புகைக்கூண்டாக்குவதில் என்ன லாபம்? வேப்பிலைப் புகை மருந்து என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேம்பின் மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் நுரையீரல் மரத்தின் பெயர் கேட்டுப் புகையை உள்ளே விடுவதில்லை.

நான்காவது, "மக்கினாலும் அதே கரியமில வாயுதானே வருது?" இப்படி ஒருவர் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்ல மாணவன் கேட்கிற கேள்வி. ஆமாம், அதே வாயுதான். நாம் மூச்சு விடுவது, இலை மக்குவது, இலை எரிவது மூன்றும் அடிப்படையில் ஒரே வினை. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை வலமிருந்து இடமாக எழுதினால் அது கிடைக்கும். வித்தியாசம் வேகத்திலும் கைப்பக்குவத்திலும்தான். நம் உடம்பு சோற்றை 37 டிகிரியில் நொதிகளை வைத்துப் படிப்படியாக எரிக்கிறது. குழியில் நுண்ணுயிர்கள் இலையை மெதுவாக எரிக்கின்றன, அவைகளுக்கு அதுதான் சோறு. தீ மட்டும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிக் கவிழ்க்கிறது. கரியமில வாயுவைக் காரணம் காட்டி நான் சண்டை போடவில்லை. மக்கும்போது நச்சுப் புகை இல்லை, நைட்ரஜன் பெரும்பகுதி தங்குகிறது, கரியில் ஒரு பங்கு மண்ணின் கருப்பாக நின்று தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. வானிலை அறிக்கையில் தமிழ்நாட்டில் அதிக வெயில் அடித்த ஊர்ப் பட்டியலைப் படிக்கும்போது, அக்கினி நட்சத்திரத்தில் நம் ஊர்ப் பெயர் எத்தனை தடவை வருகிறது? இந்த வெயிலில் மரத்தடி மண் ஈரம் காக்க வேண்டுமானால் அதன் மேல் இலைப் போர்வை வேண்டும். நாம் அந்தப் போர்வையை உருவி எரிக்கிறோம்.

ஐந்தாவது, "இலையை விட்டு வெச்சா பாம்பு வரும்." இது நியாயமான பயம், இதைக் கேலி செய்ய மாட்டேன். மூலையில் அப்படியே குவித்து விட்டால் வரத்தான் செய்யும். அதனால்தான் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, கம்பி வலை கட்டி, மூடி போட்டு மக்க வைக்க வேண்டும் என்கிறேன். கையை விடாமல் கடப்பாரையோ முள்கரண்டியோ வைத்துத்தான் கிளற வேண்டும்.

இதையெல்லாம் எழுதும்போது தெரு கூட்டுகிற அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் நேர்மையானவன் இல்லை. ஒரு நாள் அவரும் குவியலுக்குத் தீ வைப்பதைப் பார்த்து, வாத்தியார் தோரணையில் கேட்டுவிட்டேன்: "ஏம்மா, நீங்களே இப்படிச் செய்யலாமா?"

அவர் விளக்குமாற்றால் குவியலைக் கிளறிக் காட்டினார். பால் கவர், ஷாம்பு பொட்டலம், மாலையில் கட்டிய நைலான் நூல், கிழிந்த பிளெக்ஸ் பேனர் துண்டு. "வெறும் எலையா இருந்தா நான் எருவுக்கு அனுப்பிடுவேன் சார். நீங்க வூட்டுக்காரங்க எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிடறீங்க. இத எப்பிடிப் பிரிக்கறது?" என்றார். அந்தப் பால் கவர்களில் எங்கள் வீட்டுடையதும் இருந்திருக்கும். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அந்த பிளெக்ஸ் துண்டைப் பற்றி வேதியியல்காரனாக ஒரு எச்சரிக்கை. பிளெக்ஸ் பேனர் பி.வி.சி. பூசிய துணி. அதில் குளோரின் இருக்கிறது. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, அதாவது ஆய்வுக்கூடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு எடுப்போமே, அந்த அமிலத்தின் ஆவி வரும். குறைந்த சூட்டில் எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் உண்டாகும். அது உடம்பின் கொழுப்பில் தங்கி வருடக்கணக்கில் போகாது. கல்யாணப் பேனரிலும் கண்ணீர் அஞ்சலிப் பேனரிலும் சிரிக்கிற முகங்கள் கடைசியில் இந்தப் புகையாகத்தான் நம் வீட்டுக்குள் வருகின்றன. இந்தப் புகையை எல்லாரையும்விடப் பக்கத்தில் நின்று குடிப்பது அந்த அம்மா.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைத் தெருவிலோ பொது இடத்திலோ எரிக்கக் கூடாது என்று சொல்லின. அதே வருடம் டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், வெட்டவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டது. எனக்கு அபராதத்தில் நம்பிக்கை குறைவு. எழுபது வயதுக்காரர் தன் பேத்திக்கு இளைப்பு வந்தால் மாறுவார், ரசீதுக்கு மாற மாட்டார். பேத்திக்கு வருவதற்கு முன்னாலேயே மாறுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

தெருவில் மட்டும் இல்லை. திருவாலங்காடு பக்கம் போனால் கரும்பு வெட்டிய பிறகு வயலில் சோகையைக் கொளுத்துவதைப் பார்க்கலாம். வெயிலைச் சர்க்கரையாக்குவதில் கரும்பு மகா கெட்டிக்காரப் பயிர். அது கையாளுகிற தனி வழியை 1966-ல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பை வைத்தே விளக்கினார்கள். அந்தக் கரும்பின் சக்கையைச் சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கின்றன. அதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை, அந்தத் தீ வேலை செய்கிறது. வயலில் எரிகிற சோகை என்ன வேலை செய்கிறது? பார் நடுவே பரப்பினால் களையை அடக்கும், ஈரத்தைக் காக்கும். ஆள் கூலியும் அடுத்த பயிருக்கான அவசரமும் விவசாயிக்கு உண்டு என்பதை அறிவேன். அவரைக் குறை சொல்லும் தகுதி நமக்கு வர வேண்டுமானால் முதலில் நம் வாசலில் புகை நிற்க வேண்டும். நமக்குக் கூலிப் பிரச்சனையும் இல்லை, அவசரமும் இல்லை.

ஆடிக் கிருத்திகைக்கு எத்தனை பூக்காவடி மலையேறுகிறது! அந்தப் பூவும் இலையும் மண்ணுக்குத் திரும்பினால் அதுவும் முருகனுக்குச் செய்த தொண்டாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். சரவணப் பொய்கைப் பக்கம் நடக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

கொளுத்தாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது வாத்தியாருக்கு அழகில்லை. நான் செய்வதைச் சொல்கிறேன்.

கொல்லையில் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி உயரத்துக்குக் கம்பி வலை வட்டம் ஒன்று. அடியில் குச்சிகள். அதன்மேல் ஒரு சாண் காய்ந்த இலை, அதன்மேல் சாணக் கரைசலோ சமையலறையின் காய்கறித் தோலோ, பிறகு மறுபடி இலை. காய்ந்த இலையில் கரி அதிகம், நைட்ரஜன் குறைவு. கரி முப்பது பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு இருந்தால்தான் நுண்ணுயிர்கள் உற்சாகமாக வேலை செய்யும். சாணமும் காய்கறித் தோலும் அந்தக் குறையைத் தீர்க்கின்றன. பிழிந்த துணி அளவுக்கு ஈரம் போதும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும். கிளறாமல் விட்டால் காற்றில்லாமல் அழுகி நாற்றம் எடுக்கும், அப்போது அக்கம்பக்கத்தார் என்மேல் கட்டுரை எழுதுவார்கள். மாடி வீட்டுக்காரர்கள் ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் டிரம்மில் இதையே செய்யலாம்.

முதல் தடவை செய்தபோது ஆறாம் நாள் குவியலுக்குள் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி எடுத்துப் பார்த்தேன். கையில் பிடிக்க முடியவில்லை. ஆர்வம் தாங்காமல் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் 58 டிகிரி! தீக்குச்சி இல்லை, புகை இல்லை. போன வருடத்து வெயில் என் கண் முன்னால் மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய சமன்பாட்டை அன்றைக்குத்தான் தொட்டுப் பார்த்தேன். நாலு மாதத்தில் அது கருத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் வாசனையோடு கிடைத்தது.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர், சருகும் சாணமும் அடுக்கி மக்க வைப்பதை ஒழுங்குபடுத்தி 'இந்தூர் முறை' என்று உலகத்துக்குச் சொன்னார். நம் நாட்டு உழவர்களை ஆசிரியராக வைத்துத்தான் பலவற்றைக் கற்றதாக அவரே ஒப்புக்கொண்டவர். நம் பாட்டிமார் எருக்குழியில் செய்ததை ஒரு வெள்ளைக்காரர் கவனித்தார், நாம் சிமெண்டு போட்டு மூடினோம்.

எதிர்வீட்டுப் பெரியவர் இன்னும் முழுதாக மாறவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கொளுத்துகிறார். மற்ற நாட்களில் இலையைக் கோணியில் கட்டி எங்கள் வாசலில் வைத்துவிட்டு, "மாஸ்டாரு, மீ ஆகுலு!" என்று குரல் கொடுக்கிறார். உங்கள் இலை என்று அர்த்தம். அந்த இலை அவர் வீட்டு வேம்பிலிருந்து விழுந்தது. பரவாயில்லை, எனக்கு இலை வந்தால் போதும்.

என் வீட்டுக்காரி இந்த மாசியில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறாள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் எழுந்து மூடுகிறாள். அந்த இரண்டு நாளும் போக வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை நீளம் எழுதினேன். நாளைக் காலை வாசல் பெருக்கி முடித்ததும் தீப்பெட்டி தேடப் போகிற என் வயதுக்காரர் யாராக இருந்தாலும், ஒரே ஒரு நிமிடம் நின்று, அந்தப் புகை போகிற திசையில் யார் ஜன்னல் திறந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.